நாற்பத்தேழாவது வளைவில் நின்ற சிவப்புக் கார்

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று யாராவது தள்ளிக்கொண்டு வந்தால், பிள்ளைகளே, சந்தோஷமாக உள்ளே கூப்பிடுங்கள். அது நல்ல வண்டி. தனக்கு என்ன கோளாறு என்பதை மறைக்கத் தெரியாத வண்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். "நல்லாத்தானுங்க ஓடுது, எப்பவாச்சும் நின்னு போயிருது" என்று ஒருவர் சொன்னால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அந்த 'எப்பவாச்சும்' என்ற ஒரு சொல்லால் என் பெயர் கொல்லிமலை முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். எழுதுகிற எனக்கே சிரிப்பு வருகிறது.

சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே முப்பது வருடத்துக்கும் மேலாகப் பட்டறை வைத்திருந்தேன். ஜீப், பிக்கப், மிளகு மூட்டை ஏற்றும் மினி லாரி, இவைதான் வாடிக்கை. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வண்டிக்கு ஏதாவது ஒரு குறை இல்லாமல் இருக்காது. அதனால் எனக்கு வேலைக்கும் பஞ்சமில்லை, தலைக்கனத்துக்கும் பஞ்சமில்லை. பட்டறையை மூடி ஓய்வெடுப்பதற்குச் சில வருடம் முன்னால் வந்து சேர்ந்தது அந்தச் சிவப்புக் கார்.

மேல்கூரை இல்லாத, இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, என் வயதுக்கு நெருக்கமான வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதன் சொந்தக்காரர் முத்துக்குமார், மலைக்கு மாற்றலாகி வந்த கால்நடை மருத்துவர். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எங்கோ சமவெளியில் வேலை பார்த்தபோது கழிச்சல் நோய் கண்ட கோழிகளுக்கு மருந்து கொடுக்கப் போயிருக்கிறார். அந்த வீட்டில் கோழிகள் அடைந்து கிடந்த கூடுதான் இந்தக் கார். டிரைவர் சீட்டில் ஒரு பெட்டை அடை காத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து, பிறகு காரை வாங்கி, ஆறு வருடம் தன் கையாலேயே ஒவ்வொரு நட்டாகத் தேடிச் சேர்த்து ஓட வைத்திருக்கிறார். இதை அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போன கதையைக்கூட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் பிரேக் மட்டும் பார்த்துக்கொண்டு போனவர், மறுவாரமே திரும்பி வந்தார். "அண்ணாச்சி, நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கும். பொசுக்குன்னு நின்னுரும். கொஞ்ச நேரம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிரும். பெட்ரோல் வர மாட்டேங்கு, அது மட்டும் தெரியுது" என்றார்.

பெட்ரோல் வரவில்லை என்பது சரிதான். ஏன் வரவில்லை, ஏன் எப்போதாவது மட்டும் வரவில்லை என்பதுதான் கேள்வி. நான் என்னென்ன கழற்றினேன், எதை எதை மாற்றினேன் என்று பட்டியல் போடப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். டேங்க்கில் தொடங்கி கார்புரேட்டர் வரை பெட்ரோல் போகிற பாதையில் நான் கை வைக்காத இடம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தால் கார் குதிரையாகப் பறக்கும். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வேன். இரண்டே நாளில் டாக்டரிடமிருந்து போன் வரும்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. உங்க பட்டறையில இருந்து போன உடனேதான் மக்கர் பண்ணுது. ஞாயித்துக்கிழமை கழுவித் துடைச்சு நிறுத்தினேன்னா அந்த வாரம் பூராவும் நல்லா ஓடுது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியுமா? அங்கேயே நான் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "வேலை பண்ணுன வண்டி செட்டாவறதுக்கு நாலு நாள் புடிக்குமுங்க" என்றேன். இந்த வாக்கியத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் முப்பது வருட அனுபவசாலி சொன்னால் அர்த்தம் வந்துவிடுகிறது. டாக்டரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அனுபவம் வந்த பிறகு நமக்கு வருகிற பெரிய வியாதி இதுதான்: எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் கைவசம் தயாராக இருக்கும்.

அடுத்து நான் சொன்ன காரணம் சூடு. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் ஆறியதும் கிளம்புகிறது என்றேன். மார்கழிக் குளிரில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தால் புகை வருகிற காலையில் நின்றுகொண்டு சூடு என்று சொன்னேன். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன். அந்தக் காரில் பெட்ரோல் காட்டும் முள் வேலை செய்யாது. கார் நின்றதும் டாக்டர் செய்கிற முதல் காரியம், பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகித் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டு அளவு பார்ப்பது. திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். "பாருங்க, ஆவி எப்படி வெளிய வருது" என்று அவருக்கே காட்டினேன்.

இதற்கிடையில் டாக்டருக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண், வாசலூர்பட்டியில் நர்ஸாக இருந்த செல்வி. மலைமேல் தேவனூர் நாடு என்ற பகுதியில் மிளகும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் போடுகிற பெரியசாமியின் ஒரே மகள். செல்வி சிஸ்டர் மாத்திரை கொடுத்தால் மலையில் ஒருவரும் விழுங்காமல் தப்பிக்க முடியாது. நிச்சயத்துக்குச் சொந்தபந்தத்தை வேனில் முன்னால் அனுப்பிவிட்டு மாப்பிள்ளை தன் காரில் தனியாகக் கிளம்பினார். கார் முந்தின நாள்தான் என் பட்டறையிலிருந்து போயிருந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது என்று சொல்லத் தேவையில்லை. பட்டு வேட்டியோடு, குச்சிக்கிழங்கு ஏற்றி வந்த வண்டியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, பொண்ணு வீட்டு வாசலில் போய் இறங்கினார் மாப்பிள்ளை. மாமனார் கைகொடுத்துத்தான் இறக்கினாராம்.

மறுவாரம் அந்தப் புள்ளை செல்வி நேராக என் பட்டறைக்கே வந்துவிட்டது. டாக்டரும் கூட வந்து ஓரமாக நின்றார்.

"ஏனுங்கண்ணா, எனக்கு அந்தக் கார் மேல ஒரு கோவமும் இல்லீங்க" என்றது செல்வி. "ஆனா நான் போற வேலை அப்படி. வலி வந்துருச்சுன்னு கூப்புட்டா போயாகணும். நடுவழியில நிக்கற வண்டிய ஊட்டுல வெச்சுக்கிட்டு நான் யாரை நம்பிப் போறது? காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் ஒருக்கா நிக்காம ஏறி வரட்டும். வந்துருச்சுன்னா காலத்துக்கும் ஊட்டுல இருக்கட்டும், நானே பொட்டு வெச்சுக் கும்புடறேன். நின்னுதுன்னா வித்துப்போடணும். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். செல்வி போன பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, வேற ஒருத்தர்ட்ட குடுத்தா திரும்பக் கோழிக் கூடுதான் ஆக்குவான். உங்களத்தான் நம்பி இருக்கேன்" என்றார். குலதெய்வத்தின் மேல் சத்தியமாக ஏற்றிக் காட்டுகிறேன் என்று வாய்விட்டேன். வாக்குக் கொடுப்பதற்கு முன் கோளாறைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிற சின்ன விஷயம் எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

பந்தயத்தன்று காலை காரை அடிவாரத்தில் காரவள்ளிக்கு இறக்கினோம். டேங்க் தளும்பப் பெட்ரோல் ஊற்றினேன். சாமந்தி மாலை போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வாழைப்பழமும் வைத்துக் கும்பிட்டாயிற்று. என் கையிலிருந்து போகிற எந்த வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அனுப்பியதில்லை. அது என் பட்டறையின் வழக்கம். பானெட்டில் வைக்க டாக்டர் விட மாட்டார், பெயின்ட் கறை பிடித்துவிடும் என்பார். அதனால் அவருக்குத் தெரியாமல், பின்னால் பளபளவென்று இருந்த அந்த வெள்ளி நிற மூடியின் மேல் வைத்துவிடுவேன். அன்றைக்குக் காரியம் பெரியது என்பதால் சந்தனத்தையும் தாராளமாகக் குழைத்து அப்பினேன்.

காரில் டாக்டரும் செல்வியும். பின்னால் என் ஜீப்பில் நானும் பெரியசாமியும். பெரியசாமிக்கு மகள் சொன்னதுதான் சட்டம், ஆனாலும் கார் தோற்க வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. பத்து வளைவு தாண்டியதும் மனிதருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் போர்டைப் படித்துச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். இருபதில் தொடையைத் தட்டினார். முப்பதில், "ஏனுங்க மெக்கானிக்கு, ஏறிப்போயிருமாட்ட இருக்குதுங்களே" என்றார். நாற்பதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். வழியில் குரங்குகள் மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தன. முன்னால் செல்வியின் துப்பட்டா பறக்கிறது, டாக்டர் ஒவ்வொரு வளைவிலும் தேவையே இல்லாமல் ஹாரன் அடிக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சோளக்காட்டில் என்ன பேசுவது என்று மனதுக்குள் தயார்செய்துகொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழாவது வளைவின் நடுவில் கார் ஒரு இருமல் இருமியது. இன்னொரு இருமல். நின்றுவிட்டது.

பெரியசாமி எண்ணிக்கொண்டிருந்த விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். நான் இறங்கி ஓடினேன். டாக்டர் இறங்கி, பழக்கதோஷத்தில் குச்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். செல்வியும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றது. அவர் மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்' என்றது.

"பார்த்தியா கண்ணு, ஆவி வெளிய வருது. சூடுதான்" என்றேன்.

செல்வி குனிந்து பார்த்தது. மாலையிலிருந்து விழுந்த ஒரு சாமந்தி இதழ் மூடி ஓரத்தில் கிடந்தது. மூடி நெகிழ்ந்ததும் அந்த இதழ் எழும்பிப் பறக்கவில்லை. இடுக்குக்குள் சுருண்டு உள்ளே போய்விட்டது.

"இல்லீங்கண்ணா" என்றது செல்வி. "வெளிய உடலீங்க. உள்ள இழுக்குது. மூச்சு முட்டுனவங்க இழுக்கற மாதிரி இழுக்குதுங்க."

மூச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு டேங்க்கின் மூச்சு நினைவுக்கு வந்தது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க் வெளியே விடாமல் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று வருவதற்கென்றே மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். தொழிலுக்கு வந்த முதல் வருடமே இது எல்லோருக்கும் தெரியும். டாக்டர் கையிலிருந்த மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். துளையைக் காணோம். அதன் மேல் காய்ந்து கெட்டித்துப்போன சந்தனம். சந்தனத்தில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரம் எழுதும் ஆபீஸில் வைத்த மாதிரி அத்தனை தெளிவாக.

அடுத்த அரை நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பட்டறையிலிருந்து போனால் ஏன் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை கழுவினால் ஏன் ஓடுகிறது, நின்ற பிறகு மூடியைத் திறந்து மூடினால் ஏன் கிளம்புகிறது. தான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பக்தியாக வைத்தது என்று நினைத்து டாக்டர் அதைக் கழுவி விட்டிருக்கிறார். நான் மறுபடி மறுபடி வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக அந்தக் காரின் கோளாறு நான்தான்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். என் கட்டைவிரலுக்கும் சந்தனத்துக்கும் நடுவே அரை அங்குலம்தான். ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். "தூசி அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. என் பெயர் அப்படியே நிற்கும். சத்தியமாகச் சொல்கிறேன், விரல் பாதி தூரம் போய்விட்டது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

அப்போது டாக்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். வளையத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, கார் சாவியைச் செல்வியின் கையில் வைத்தார். "பேச்சுன்னா பேச்சுதான்" என்றார். சிரிக்க முயற்சி பண்ணினார், முடியவில்லை. காரைப் பார்க்காமல் கீழே தெரிந்த காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

விரலை இழுத்துக்கொண்டேன்.

"சாமி, கார் நிக்கலீங்க" என்றேன். "நான்தான் நிறுத்திப்போட்டேன்."

மூடியை மூன்று பேருக்கும் காட்டினேன். துளை எங்கே, சந்தனம் எங்கே, ரேகை யாருடையது என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகியது. டாக்டர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ என் கார்ல ஒண்ணும் இல்லையா அண்ணாச்சி?" என்றார். கோபமே இல்லை. பரீட்சையில் பாஸாகிவிட்டதாகக் கேள்விப்பட்ட ஆள் மாதிரி கேட்டார். அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிரித்தது பெரியசாமி. லேசாகத் தொடங்கியது, பிறகு நிற்க முடியாமல் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வருசமா சந்தனம் பூசிப் பூசி..." என்பார், முடிக்க முடியாது, மறுபடி சிரிப்பார். இதற்குள் கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. வளைவு நடுவே நாங்கள் வழியை மறித்து நிற்க, கண்டக்டர் இறங்கி வந்து, "என்னாச்சுங்க மெக்கானிக்கு?" என்றார். சொல்லாமல் விடலாமா என்று நான் யோசிப்பதற்குள் பெரியசாமி சொல்லிவிட்டார். கண்டக்டர் படியில் ஏறி பஸ்ஸுக்கே சொன்னார். ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு பரவியது. அந்த பஸ்ஸில் தெரிந்த முகங்களே பாதிக்கு மேல். பாதிப் பேர் என்னிடம் வண்டி விடுகிறவர்கள்.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தது.

"காரணம் யாரா வேணா இருக்கட்டுமுங்க. நின்னா விக்கறதுன்னுதான் பேச்சு" என்றது. "நின்னுருச்சு."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "கண்ணு, அந்த அண்ணன்தான் சொல்றாரே..." என்று பெரியசாமி ஆரம்பித்தார்.

"பேச்சு பேச்சுதானுங்கப்பா" என்றது செல்வி. சீட்டில் இருந்த பூஜைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டியது. "எனக்கு வித்துருங்க. இதுதான் விலை. இதுக்கு மேல தர மாட்டேன்."

டாக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பழத்தை வாங்கி, பஸ் முழுவதும் பார்க்க, அங்கேயே உரித்து இரண்டே வாயில் தின்று முடித்தார். பேரம் முடிந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார்.

நான் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, துளையில் ஊசி விட்டுக் காற்றை ஊதிப் பார்த்து, மூடியைப் போட்டேன். நடந்ததைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வண்டிக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கேட்கும்போது உங்கள் பெயரையும் அந்த வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் முதலாவதாக. அன்று நான் சோளக்காடு போவதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. பலாப்பழக் கடைக்காரர், "சந்தனம் எவ்வளவுங்க வேணும்?" என்று கேட்டார். மானம் போனது நிஜம். அதற்காக ஒரு வண்டியும் என் பட்டறையை விட்டுப் போகவில்லை. முன்பைவிடக் கூடுதலாகத்தான் வந்தன. தன் தப்பை நடு ரோட்டில் நின்று சொன்னவன் நம் வண்டியின் தப்பையும் சரியாகச் சொல்வான் என்று நினைத்தார்களோ என்னவோ.

மூடி போட்டதும் டாக்டர் டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனார். செல்வி அவர் கையை விலக்கியது. அப்பாவின் பிக்கப்பில் மிளகு மூட்டையோடு அந்த வளைவுகளை எத்தனையோ தடவை ஏறி இறங்கிய பெண் அது. சீட்டை முன்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தது. "அக்கட்டால ஏறுங்க" என்று மறுபக்கத்தைக் காட்டியது. ஒரே அடியில் கார் கிளம்பியது. மிச்சமிருந்த இருபத்து மூன்று வளைவிலும் என் ஜீப்பால் அதைப் பிடிக்க முடியவில்லை. பெரியசாமி எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல், "மெதுவாப் போ கண்ணு" என்று காற்றிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கார் இப்போதும் மலையில்தான் ஓடுகிறது. கல்யாணத்துக்கு மறுவாரமே பதிவுப் புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது செல்வி. மாடு பார்க்கப் போக வேண்டுமென்றால், பாவம் டாக்டர், முதல் நாளே சாவிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.